சாயப்பட்டறை நின்றால் எந்த ஆர்டர் நிற்கும்? பின்னலாடை ஏற்றுமதிக்கான டிஜிட்டல் சப்ளை செயின் வழிகாட்டி

2023 டிசம்பர் 15 அன்று மெர்ஸ்க் கப்பல் நிறுவனம், கப்பல்கள் மீதான தாக்குதல்களால் செங்கடல் வழியாகக் கப்பல் விடுவதை நிறுத்தி வைத்தது. இரண்டு நாள் கழித்துத் தென்மாவட்டங்களில் பெருமழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடிக்குப் போகும் சாலையும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. அந்த வாரம் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பிளானிங் மேஜையில் இருந்தேன். ஆடை வாங்கும் ஐரோப்பிய பையரிடமிருந்து ஒரே கேள்விதான் வந்தது: எங்கள் ஆர்டர்களில் எது இப்போது எங்கே இருக்கிறது?

பதில் சொல்ல எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. தகவல் இல்லாமல் இல்லை. கொஞ்சம் டேலி கணக்கு சாஃப்ட்வேரில் இருந்தது, கொஞ்சம் வாட்ஸ்அப்பில். மீதி டிசி (டெலிவரி சலான்) புத்தகத்திலும், கப்பல் ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டர் அனுப்பிய மெயில்களிலும் கிடந்தது. எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

அந்த இரண்டு நாளை ஒரு மணி நேரமாகக் குறைக்கும் வேலையை அதன்பிறகு சில கம்பெனிகளில் செய்து பார்த்தோம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் சாஃப்ட்வேர் வாங்கி, அதில் போட என்ன தகவல் இருக்கிறது என்று பிறகு தேடுவார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல்தான் நிற்கிறது.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஆள். தினமும் அரை நாள், குறைந்தது ஆறு வாரம் அவர் இதற்கென்றே வேண்டும். கணினி தெரிந்தவரைவிட, நூல் வாங்குவது முதல் கார்ட்டன் ஏற்றுவது வரை வரிசை தெரிந்த மெர்ச்சண்டைசர் (ஆர்டரைப் பின்தொடர்ந்து நடத்துபவர்) மேல். எக்செல்லை இரண்டு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். சாயத்துக்குப் பின் துணியைச் சுருக்கி நிலைப்படுத்தும் காம்பாக்டிங் எதற்கு, எங்கே நடக்கிறது என்பதைச் சொல்லிக் கொடுக்க ஒரு வருடம் ஆகும்.

டேலியிலிருந்து எடுத்த கடந்த 12 மாதக் கொள்முதல் லெட்ஜரும் ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்யும் வேலை) ரிஜிஸ்டரும். சரக்கு வண்டியோடு போகும் மின்னணு ரசீதான இ-வே பில் தளத்தின் லாகின். எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்று காட்டும், ஏதாவது ஒரு பையரின் டைம் அண்டு ஆக்ஷன் காலண்டர். பல பேர் ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய ஒரு ஸ்ப்ரெட்ஷீட்.

இவற்றோடு முதலாளியின் ஒரு போன் கால். "நம்ம பையன் கேட்பார், விவரம் கொடுங்க" என்று சப்ளையர்களிடம் அவர் வாயால் ஒரு வார்த்தை போக வேண்டும். அது இல்லாமல் மூன்றாம் படியைத் தாண்டியவர்களை நான் பார்த்ததில்லை.

## 1. ஒரே ஒரு ஸ்டைலை எடுங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் எல்லா ஆர்டரையும் ஒரே நேரத்தில் ஏற்ற முயலாதீர்கள். திரும்பத் திரும்ப வரும் ஒரு ஸ்டைலைத் தேர்ந்தெடுங்கள். பிரின்ட், எம்பிராய்டரி, ஜிப் என்று இரண்டு மூன்று வேலை சேர்ந்ததாக இருந்தால் நல்லது. வெறும் வெள்ளை டி-சர்ட்டில் சங்கிலி குட்டையாக இருக்கும், கற்றுக்கொள்ள ஒன்றும் கிடைக்காது.

அந்த ஸ்டைலுக்குள் போகும் ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு வேலையையும் ஒரு வரியாக எழுதுங்கள். நூல், எலாஸ்டேன் (இழுபடும் இழை), நிட்டிங் (பின்னல்), சாயம், காம்பாக்டிங், பிரின்ட், தையல் நூல், ஜிப், மெயின் லேபிள், வாஷ் கேர் லேபிள், ஹேங் டேக், பாலி பேக், கார்ட்டன். சாதாரணமாக 25 முதல் 40 வரி வரும்.

பட்டியலைப் பண மதிப்பின்படி வரிசைப்படுத்தி மேலே இருக்கும் பத்தை மட்டும் பார்ப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. கணக்குப் பிள்ளைக்கு அது சரி. நமக்கு ஆகாது. ஒரு பீசின் விலையில் வாஷ் கேர் லேபிள் சில காசுதான். ஆனால் பையர் நாமினேட் செய்த ஒரே ஆளிடமிருந்துதான் அது வர வேண்டும் என்றால், அது வராத நாளில் தைத்து முடித்த பீஸ் கட்டுக்கட்டாகக் கிடக்கும். எலாஸ்டேனும் அப்படித்தான். துணியின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு இருக்கலாம், அது இல்லாமல் நிட்டிங் மெஷின் ஓடாது. ஆகவே விலைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்கள்: இது இல்லையென்றால் வேலை எத்தனாவது நாளில் நிற்கும்?

## 2. பெயர்களைச் சுத்தம் செய்யுங்கள்

ஒரே சாயப்பட்டறை டேலியில் மூன்று பெயரில் இருக்கும். ஒன்றில் 'டையிங்', இன்னொன்றில் 'டையர்ஸ்', மூன்றாவதில் முதலாளியின் பெயர். இதை விட்டுவிட்டு மேலே போனால், ஒரே ஆளை மூன்று பேராக எண்ணி, மாற்று இருக்கிறது என்று நம்பிவிடுவீர்கள்.

பெயரை அடையாளமாக வைக்காமல் ஜிஎஸ்டி எண்ணை வையுங்கள். 15 இலக்கம் கொண்ட அதில் முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். பான் பகுதியை மட்டும் தனியே பிரித்து ஒரு பத்தியில் போட்டால் இன்னொன்றும் வெளியே வரும். வேறு வேறு மாநிலத்தில் வேறு வேறு பதிவு வைத்திருக்கும் ஒரே உரிமையாளர் யார் என்று தெரிந்துவிடும்.

ஜிஎஸ்டி எண் மட்டும் போதாது. ஒரே மாநிலத்துக்குள் நான்கு இடத்தில் ஆலை வைத்திருப்பவரும் ஒரே எண்ணில் இருக்கலாம். வெள்ளம் வருவதும் மின்சாரம் போவதும் ஓர் இடத்துக்கு, பதிவு எண்ணுக்கு இல்லை. ஆகவே எண்ணோடு ஓர் இடக் குறியைச் சேருங்கள்: இடம் 1, இடம் 2 என்று. இனி எல்லாப் பட்டியலிலும் இந்தச் சேர்த்த குறிதான் போக வேண்டும். அதைக் கையால் தட்டவிடாமல் கீழ்விரி பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். கையால் தட்டினால் மூன்று பெயர் மறுபடி முளைக்கும்.

## 3. அடுத்த அடுக்கைக் கேளுங்கள்

உங்களுக்கு நூல் கொடுக்கும் மில் உங்களுக்குத் தெரியும். அந்த மில்லுக்குப் பஞ்சு எங்கிருந்து வருகிறது? சாயப்பட்டறைக்கு ரசாயனம் எங்கிருந்து? ஜிப் கொடுப்பவர் அதைச் செய்கிறாரா, வாங்கி விற்கிறாரா?

சப்ளையர்கள் இதைச் சொல்லத் தயங்குவார்கள். சொன்னால் தங்களைத் தாண்டி நேராகப் போய்விடுவீர்களோ என்ற பயம் அது, அதில் நியாயமும் இருக்கிறது. அதனால் விலையைக் கேட்காதீர்கள், பெயரைக்கூட முதலில் கேட்க வேண்டாம். நான்கே கேள்வி போதும்: எந்த ஊரிலிருந்து வருகிறது, எத்தனை நாளில் வருகிறது, எத்தனை நாள் இருப்பு வைத்திருக்கிறீர்கள், வேறு ஆள் இருக்கிறாரா. இவற்றுக்குப் பதில் கொடுக்க யாரும் பெரிதாக மறுப்பதில்லை. ஆறு மாதம் பழகிய பிறகு பெயரும் தானே வரும்.

கூகுள் ஃபார்ம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது வீண் வேலை. ஜாப் ஒர்க்காரர் ஃபார்ம் நிரப்ப மாட்டார். நேரில் போங்கள், அல்லது போனில் பேசி நீங்களே நிரப்புங்கள். ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால் மூன்று வாரத்தில் முடியும்.

கிடைத்த பதிலை இ-வே பில்லோடு ஒப்பிடுங்கள். எங்கிருந்து புறப்பட்டது என்ற முகவரி அதில் இருக்கும். "நிட்டிங் எல்லாம் எங்க ஷெட்டுலதான்" என்று சொன்னவரின் துணி வேறோர் ஊரிலிருந்து ஏறி வந்திருந்தால், நடுவில் இன்னொரு ஆள் இருக்கிறார். குற்றம் சாட்டத் தேவையில்லை, அந்த இடத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த தெருவுக்கு இ-வே பில் இல்லாமல் போகும் சரக்குக்கு டிசிதான் ஆதாரம்.

## 4. எல்லாவற்றையும் வரைபடத்தில் வையுங்கள்

எனக்குத் தெரிந்து இந்த முழு வேலையிலும் அதிகப் பலன் தருவது இந்தப் படிதான். ஆனால் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள்.

ஒவ்வோர் இடத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுங்கள். பில்லில் உள்ள முகவரியை வைத்து எடுக்காதீர்கள். அது பல நேரம் ஆடிட்டர் அலுவலகமாகவோ முதலாளியின் வீடாகவோ இருக்கும். ஆலைக்கு லோடு எடுக்கப் போகும் உங்கள் டிரைவரிடம் சொல்லி, ஷெட் வாசலில் நின்று வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் பாதி இடம் வந்துவிடும், செலவும் இல்லை. அந்த எண்களை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு கூகுள் மை மேப்ஸில் ஏற்றினால் புள்ளிகள் விழும். பகிர்வு அமைப்பில் லிங்க் உள்ள எல்லோரும் பார்க்கலாம் என்பதை மட்டும் அணைத்துவிடுங்கள். உங்கள் சப்ளையர் பட்டியல் முழுவதும் அதில் இருக்கிறது.

இப்போது புள்ளிகளைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: தனித்தனியாக நிற்பவை எவை எதன் மேல் சேர்ந்து சாய்ந்திருக்கின்றன?

நான் வேலை செய்த கம்பெனியில் மூன்று சாயப்பட்டறைகள் இருந்தன. ஒன்று போனால் இரண்டு இருக்கிறது என்று பல வருடமாக நிம்மதியாக இருந்தோம். வரைபடத்தில் போட்டபோது மூன்றும் ஒரே பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் உறுப்பினர்கள் என்று தெரிந்தது. அந்த நிலையத்தில் ஒரு பழுது வந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு நோட்டீஸ் கொடுத்தால் மூன்றும் ஒரே நேரத்தில் நிற்கும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் திருப்பூரின் சாயப்பட்டறைகள் கூட்டமாக மூடப்பட்டதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியும் எங்கள் மூன்று பட்டறையும் ஒன்றுதான் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. பட்டியலில் அவை மூன்று வரிகளாகத்தானே இருந்தன.

ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் அது சாய்ந்திருக்கும் பொதுப் புள்ளிகளுக்குத் தனிப் பத்திகள் போடுங்கள். எந்தத் துணைமின் நிலையம், எந்தச் சுத்திகரிப்பு நிலையம், தண்ணீர் எங்கிருந்து, நூலும் ரசாயனமும் எந்தச் சாலை வழியாக வருகின்றன, எந்தத் துறைமுகம். பிறகு அந்தப் பத்திகளை வைத்து வடிகட்டிப் பாருங்கள். ஒரே பெயர் அடிக்கடி வந்தால், வெளியில் எத்தனை சப்ளையர் தெரிந்தாலும் உங்களிடம் இருப்பது ஒன்றுதான்.

மாவட்டப் பெயரையும் ஒரு பத்தியாக வையுங்கள். ஏழாம் படியில் தேவைப்படும்.

## 5. இரண்டு எண்களைக் கணக்கிடுங்கள்: தாங்கும் நாள், மீளும் நாள்

எம்ஐடி பேராசிரியர் டேவிட் சிம்கி-லெவியின் குழு ஃபோர்டு கார் நிறுவனத்தில் பயன்படுத்திய முறை இது. ஒரு வெள்ளத்துக்கோ கலவரத்துக்கோ எத்தனை வாய்ப்பு என்று ஊகிக்கச் சொல்லாது. இந்த இடம் நின்றால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்கும். ஊகத்துக்கு நம்மிடம் தகவல் கிடையாது, இந்தக் கேள்விக்கு இருக்கிறது. அதனால்தான் நடுத்தரக் கம்பெனிக்கும் பொருந்துகிறது.

தாங்கும் நாள் என்பது ஓரிடம் நின்ற பிறகும் உங்கள் தையல் லைன் எத்தனை நாள் ஓடும் என்பது. மீளும் நாள் என்பது அதே இடமோ மாற்று இடமோ மறுபடி சரக்குக் கொடுக்க எத்தனை நாள் ஆகும் என்பது. மீளும் நாள் தாங்கும் நாளைவிட அதிகமாக இருக்கும் இடங்கள்தான் உங்கள் ஆபத்து. மற்றவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

கணக்கு ஒன்று. நாளொன்றுக்கு 4,000 பீஸ் தைக்கிறீர்கள். சாயம் முடிந்து வந்த துணி 24,000 பீசுக்கு இருக்கிறது. தாங்கும் நாள் 6. பட்டறை நின்றால் வேறிடத்தில் லேப் டிப் (நிறம் சரிபார்க்கும் சிறு சாய மாதிரி) போட 4 நாள், பையர் ஒப்புதலுக்கு 5 நாள், பல்க் சாயமும் காம்பாக்டிங்கும் முடிந்து துணி வர 6 நாள். மீளும் நாள் 15. இடைவெளி 9 நாள். 36,000 பீஸ் தைக்காமல் மெஷின்கள் சும்மா நிற்கும்.

இதற்கு எல்லோரும் முதலில் சொல்லும் தீர்வு, இன்னும் 9 நாளுக்குச் சாயத் துணி கையிருப்பு. பணம் முடங்கும், ஷேட் மாறினால் துணி வீண். ஆனால் எண்களை இன்னொரு முறை பாருங்கள். 15 நாளில் 9 நாள் லேப் டிப்புக்கும் ஒப்புதலுக்கும் போகிறது. ஆர்டர் தொடக்கத்திலேயே இரண்டாவது பட்டறையிலும் லேப் டிப் போட்டு ஒப்புதல் வாங்கி வைத்தால் மீளும் நாள் 6 ஆகிவிடும், இடைவெளி மறைந்துவிடும். செலவு ஒரு லேப் டிப்பும் ஒரு கூரியரும். எங்கே பணம் போட வேண்டும், எங்கே ஒரு மெயில் போதும் என்பதை இந்தக் கணக்கு பிரித்துக் காட்டிவிடும்.

புதியவர்கள் இங்கே இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். கையிருப்பை மொத்தக் கிலோவில் எண்ணுவது முதலாவது. வெள்ளைத் துணி 800 கிலோ இருந்தாலும் நேவி ஆர்டருக்கு அது பூச்சியம்தான். நிறம் வாரியாக, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) வாரியாக எண்ணுங்கள். ஒரே ரோலை இரண்டு ஆர்டருக்குக் கணக்குக் காட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சப்ளையர் சொல்லும் மீளும் நாளை அப்படியே எழுதிக்கொள்வது அடுத்தது. "ரெண்டு நாள்ல சரி பண்ணிருவோங்க" என்பதுதான் எப்போதும் வரும் பதில். "கடைசியா எப்ப நின்னுச்சு, எத்தனை நாள் ஆச்சு?" என்று கேளுங்கள். அந்த எண்ணை எழுதுங்கள்.

## 6. கன்டெய்னரையும் கப்பலையும் பின்தொடருங்கள்

தொழிற்சாலைக்குள் எல்லாம் ஒழுங்கானால்தான் இதற்கு அர்த்தம் உண்டு. சரக்கு கப்பல் ஏறிய பின் நீங்கள் செய்யக்கூடியது குறைவு. பையரிடம் முன்கூட்டிச் சொல்லலாம், அடுத்த லாட்டை வேறு வழியில் அனுப்பலாம்.

ஷிப்பிங் லைனின் தளத்தில் தேட, அந்த லைனே தரும் மாஸ்டர் பில் (கப்பல் சரக்கு ரசீது) எண்ணோ கன்டெய்னர் எண்ணோ வேண்டும். ஃபார்வர்டர் தரும் ஹவுஸ் பில் எண்ணைப் போட்டுவிட்டு ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். ஷிப்மென்ட் அன்றே மாஸ்டர் பில் எண், கன்டெய்னர் எண் இரண்டையும் ஃபார்வர்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

கன்டெய்னர் எண்ணைப் போட்டோவிலிருந்து பார்த்துத் தட்டும்போது இலக்கம் இடம் மாறிவிடும். அதைப் பிடிக்க அந்த எண்ணுக்குள்ளேயே வழி இருக்கிறது. நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஆங்கில எழுத்துகளுக்கு முதல் எழுத்து தொடங்கி 10 முதல் 38 வரை மதிப்பு கொடுங்கள், 11, 22, 33 மூன்றையும் விட்டுவிடுங்கள். முதல் பத்து இடங்களையும் 1, 2, 4, 8 என்று 512 வரை இரட்டித்துப் போகும் எண்களால் பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கடைசி இலக்கம். மீதி 10 என்றால் அது 0. ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒருமுறை இந்தச் சூத்திரத்தை எழுதிவிட்டால் தவறான எண் சிவப்பாகிவிடும்.

இந்தியாவுக்குள் கன்டெய்னர் எங்கே இருக்கிறது என்பதை லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் தளத்தில் பார்க்கலாம். கன்டெய்னரில் பொருத்தும் ஆர்எஃப்ஐடி டேகைத் துறைமுக வாயில், டோல் போன்ற இடங்களில் படித்து அது பதிவு செய்கிறது. கப்பல் கிளம்பிய பிறகு, கப்பல்கள் அனுப்பும் இருப்பிடச் சிக்னலைக் காட்டும் ஏஐஎஸ் தளங்கள். கப்பலைப் பெயரால் தேடாதீர்கள். பெயர் மாறும், ஒரே பெயரில் இரண்டு கப்பல் இருக்கும். ஏழு இலக்க ஐஎம்ஓ எண் கப்பலின் ஆயுள் முழுக்க மாறாது. ஏஐஎஸ்ஸில் தெரியும் சேருமிடமும் சேரும் நேரமும் கப்பல் ஊழியர் கையால் தட்டியவை. கப்பல் இப்போது எங்கே என்று பார்க்க அந்தத் தளங்களைப் பயன்படுத்துங்கள், தேதிக்கு ஷிப்பிங் லைனை நம்புங்கள்.

தூத்துக்குடியில் ஃபீடரில் (சிறிய கப்பலில்) ஏறிக் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறும் சரக்கில் கூடுதல் கவனம் வேண்டும். புக்கிங்கில் எழுதியிருந்த மதர் வெசலைத் தவறவிட்டு அடுத்ததில் ஏறுவது அடிக்கடி நடக்கும். திட்டமிட்ட கப்பல், உண்மையில் ஏறிய கப்பல் என்று இரண்டு பத்தி வையுங்கள். தேதி மாறும்போது பழைய தேதியை அழிக்காமல் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். அழித்துவிட்டால் எந்த வழி எத்தனை முறை தள்ளிப்போனது என்பது ஒருநாளும் தெரியாது.

செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் வட ஐரோப்பாவுக்குச் சுமார் 10 முதல் 14 நாள் கூடும் என்பது பொதுக் கணக்கு. உங்களுக்கு வேண்டியது உங்கள் கணக்கு. கடந்த 20 ஷிப்மென்டுகளில் கேட் இன் (துறைமுக வாயிலுக்குள் நுழைவது) முதல் பையரின் குடோன் வரை எத்தனை நாள் என்று வரிசைப்படுத்துங்கள். பத்தில் ஒன்பது எத்தனை நாளுக்குள் சேர்ந்தன என்று பார்த்து அந்த எண்ணை வைத்துத் திட்டமிடுங்கள். சராசரியை வைத்தால் ஏறக்குறைய பாதி ஷிப்மென்ட் தாமதமாகத்தான் போகும்.

## 7. எச்சரிக்கையை ஓர் ஆளோடு கட்டுங்கள்

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் தளம் மழை, வெள்ளம், புயல் எச்சரிக்கைகளை இட வாரியாகத் தருகிறது. உலக அளவில் ஐநாவும் ஐரோப்பிய ஆணையமும் சேர்ந்து நடத்தும் ஜிடாக்ஸ் இருக்கிறது. இரண்டும் இலவசம்.

முதல் மாதம் எல்லா எச்சரிக்கையையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் விழ வைத்தோம். மூன்றாம் வாரம் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஐந்தாம் படியில் இடைவெளி வந்த இடங்கள் உள்ள மாவட்டங்களுக்கு மட்டும், ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை மட்டும் என்று குறைத்த பிறகுதான் பயன் வந்தது.

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பெயரை எழுதுங்கள். எச்சரிக்கை வந்தால் அவர் யாருக்குப் போன் செய்ய வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதும் அதே வரியில் இருக்கட்டும். 'பிளானிங் டீம்' என்று எழுதினால் எல்லோரும் அடுத்தவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவார்கள்.

## 8. மாற்று வழியை முன்பே ஒப்புதல் வாங்கி வையுங்கள்

லேப் டிப்புக்குச் சொன்னது மற்றவற்றுக்கும் பொருந்தும். நாமினேட்டட் லேபிளுக்கு இரண்டாவது ஆளைப் பையரிடம் சீசன் தொடங்கும்போது கேளுங்கள். தடங்கல் வந்த அன்று கேட்டால் தர ஒப்புதல், விலை ஒப்புதல் என்று இரண்டு வாரம் ஓடும்.

மாற்று ஆளுக்கு வருடத்தில் ஒரு சிறிய லாட்டாவது கொடுங்கள். பெயர் மட்டும் பட்டியலில் இருந்தால், நெருக்கடியில் ஊர் முழுக்க அவர் வாசலில் நிற்கும்போது உங்களுக்கு இடம் கிடைக்காது. இதில் முதலாளிகள் தயங்குவார்கள், ஏனென்றால் விலை ஐந்து பத்து காசு கூடும். ஐந்தாம் படியின் இடைவெளி எண்ணை அவர்கள் முன் வைத்துப் பேசுங்கள்.

## 9. இந்தத் தகவலையே பாதுகாத்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்த பிறகு அந்தக் கோப்பே புதிய ஒற்றைப் புள்ளி ஆகிவிடுகிறது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற கணினி வைரஸ் தாக்கியபோது மெர்ஸ்க் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. அதற்கு அடிப்படையான பயனர் தரவின் நல்ல பிரதி ஒன்று கானாவில் மிஞ்சியது. தாக்குதலின்போது அங்கே மின்சாரம் இல்லாததால்தான் அது தப்பியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை.

வாரம் ஒருமுறை கோப்பைப் பிரதி எடுத்து, கம்பெனி நெட்வொர்க்கில் சேராத ஒரு டிஸ்கில் வையுங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியைத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப்பை நம்ப முடியாது.

சப்ளையர் போன் எண்களையும் ஆபத்தான இடங்களின் பட்டியலையும் காகிதத்தில் அச்சடித்து மேஜையில் வையுங்கள். 2024 ஜூலையில் வங்கதேசம் முழுவதும் இணையம் துண்டிக்கப்பட்டபோது அங்கிருந்த ஆயத்த ஆடைக் கம்பெனிகளால் பையருக்கு மெயில் அனுப்ப முடியவில்லை.

வெளியார் தளத்தில் தகவல் போட்டால் உங்களிடம் ஒரு பிரதி கட்டாயம் இருக்கட்டும். மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் சேர்ந்து தொடங்கிய டிரேட்லென்ஸ் என்ற சரக்குத் தகவல் தளம் 2023இன் தொடக்கத்தில் மூடப்பட்டது. பெரிய பெயர்கள் பின்னால் இருப்பதால் ஒரு தளம் நிலைக்கும் என்று எண்ண முடியாது.

இன்னொன்று, மிக அவசியமானது. சப்ளையரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் வந்தால், மெயிலில் உள்ள எண்ணுக்கு அழைக்காதீர்கள். காகிதப் பட்டியலில் இருக்கும் பழைய எண்ணுக்கு அழைத்துக் குரலில் உறுதி செய்யுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் பணம் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கும்.

## 10. ஒத்திகை பாருங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலையில் ஓர் இடத்தின் பெயரைச் சொல்லுங்கள். "இந்தச் சுத்திகரிப்பு நிலையம் இன்றிலிருந்து இல்லை." கடிகாரத்தைப் பாருங்கள். பாதிக்கப்படும் ஆர்டர்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் தாங்கும் நாள், பையருக்குப் போக வேண்டிய மெயிலின் வரைவு மூன்றும் வர எத்தனை நேரம் ஆகிறது?

எங்கள் முதல் ஒத்திகையில் ஐந்து மணி நேரம் ஆயிற்று. போன் எண்களில் கால்வாசி பழையவை. மூன்றாவது ஒத்திகையில் 50 நிமிடம்.

இயற்கைப் பேரிடரை மட்டும் ஒத்திகை பார்க்காதீர்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்காவில் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி அமலுக்கு வந்தபோது எந்தப் பட்டறையும் நிற்கவில்லை, எந்தச் சாலையும் அறுபடவில்லை. ஆனால் வெட்டிய துணியில் எவ்வளவு அமெரிக்காவுக்கு, வெட்டாத துணியில் எவ்வளவு வேறு நாட்டு ஆர்டருக்குத் திருப்பலாம் என்று அன்றே தெரிய வேண்டியிருந்தது. அதற்குச் சேரும் நாடு என்ற ஒரு பத்தி போதும். 2022 மே மாதத்தில் ஒரு கேண்டி (சுமார் 356 கிலோ) பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது போன்ற விலையேற்றத்துக்கும் ஒரு ஒத்திகை வையுங்கள். விலை பூட்டாத நூல் எத்தனை கிலோ என்பதுதான் அங்கே கேள்வி.

## சாஃப்ட்வேர் எப்போது?

ஐந்து ஸ்டைலுக்கு மேல் இந்த அட்டவணையைக் கையால் புதுப்பிக்க முடியாமல் திணறும்போது. அதற்கு முன் வேண்டாம். அப்போது உங்களுக்கு எந்தப் பத்தி வேண்டும், எந்த எச்சரிக்கை வேண்டாம் என்பது தெரிந்திருக்கும், விற்பவரிடம் சரியான கேள்வி கேட்பீர்கள். டேலியிலிருந்து தகவல் தானாக வருமா? ஜிஎஸ்டி எண்ணோடு இடக் குறியையும் ஏற்குமா? ஒப்பந்தம் முடிந்தால் எல்லாத் தகவலையும் எக்செல்லாகத் தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அமெரிக்கா 2022 ஜூன் 21 முதல் நடைமுறைப்படுத்தும் சின்ஜியாங் சட்டத்துக்காக (சீனாவின் அந்தப் பகுதியில் கட்டாய உழைப்பில் உருவான பொருட்களைத் தடுப்பது) பஞ்சு, நூல் வாங்கும்போது அந்தப் பஞ்சின் பிறப்பிடத்தைக் கேட்கும் பையருக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் தயாரிப்பு பாஸ்போர்ட்டுக்கு (பொருளின் விவரங்களைக் கொண்ட மின்னணுப் பதிவு) தயாராகும் பையருக்கும் இதே அட்டவணைதான் அடித்தளம். மூன்றாம் படியில் கிடைத்த ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் லாட் எண்ணையும் நூல் பில் எண்ணையும் இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். பழைய லாட்டுகளுக்குப் பின்னால் போய் இதைத் தேடுவது ஏறக்குறைய முடியாத வேலை.